இரவு இரண்டு மணிச் சாப்பாடும் கல்லீரலின் கடிகாரமும்: மூன்றாம் ஷிப்டில் வேலை செய்பவருக்கு ஒரு பதில்

வணக்கம்ங்க. நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். வயது 34, பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலையில் ஏழு வருடமாக ரிங் ஃப்ரேம் பிரிவில் வேலை, வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும், போன மாதம் பார்த்ததில் மூன்று மாத சர்க்கரைச் சராசரி 6.1 என்று சொல்கிறீர்கள். ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, "ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு கடிகாரம் இருக்கிறதாம், ராத்திரியில் சாப்பிட்டால் கல்லீரலின் கடிகாரம் குழம்பிவிடுமாம். இதெல்லாம் எலியிலும் கண்ணாடித் தட்டிலும் பார்த்ததுதானே? எனக்கு எப்படிப் பொருந்தும்? இரண்டு மணிக்கு கேன்டீனில் சாப்பிடலாமா, கூடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பதில் எழுதிய பலரும் கடைசி வரியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு உங்கள் கேள்வி அதற்கு முந்தைய வரியில் இருப்பதாகப் படுகிறது. தட்டில் வளரும் செல்லில் இருந்து பல்லடத்தில் மெஷின் பார்க்கிற ஆள் வரைக்கும் எத்தனை படி இருக்கிறது, எந்தப் படியில் தைரியமாகக் கால் வைக்கலாம், எந்தப் படி ஆடுகிறது என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். இதைக் கேட்காமல் உணவு நேரம் பற்றிய எந்த அறிவுரையையும் யாரும் ஏற்கக் கூடாது என்று நினைக்கிறேன். அதனால் படிப்படியாகவே போகிறேன், கொஞ்சம் நீளும்.

என்னைப் பற்றித் தெரிந்துகொண்டு படிப்பது நல்லது. பதினொரு வருடம் செல் கடிகார ஆய்வகத்தில் வேலை பார்த்தவள். கல்லீரல் செல்லையும் தோல் செல்லையும் தட்டில் வளர்த்து அவற்றின் நேரத்தை அளப்பதுதான் என் தொழிலாக இருந்தது. இப்போது கோவையில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. மனிதர்களை வைத்து நடக்கும் சோதனைகளை வாசித்துத்தான் அறிந்திருக்கிறேன், என் கையால் நடத்தியதில்லை. அப்புறம் இன்னொன்று: என் அப்பா சிங்காநல்லூர் பக்கம் ஒரு ஆலையில் வேலை பார்த்தவர், பாதி வாழ்நாள் மூன்றாம் ஷிப்ட். காலையில் வந்து, ஜன்னலில் போர்வையைக் கட்டித் தொங்கவிட்டுத் தூங்குவார். அவருக்கு ஐம்பது வயதுக்கு முன்பே சர்க்கரை வந்தது. அது ஷிப்டினால் வந்தது என்று நான் சொல்ல முடியாது, ஒரு ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் இந்தக் கேள்வி எனக்கு வெறும் பாடம் அல்ல என்பது உங்களுக்குத் தெரியட்டும்.

முதல் படி, உயிர்களுக்கு உள்ளே கடிகாரம் இருக்கிறதா என்பது. இதில் சந்தேகமே வேண்டாம். சாயங்காலமானால் புளியமர இலை கூம்புவதையும், தூங்குமூஞ்சி மரத்துக்கு அந்தப் பெயர் வந்த காரணத்தையும் நம் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வெளிச்சம் போனதால் கூம்புகிறது என்று தோன்றும். 1729இல் தெ மேரான் என்ற பிரெஞ்சுக்காரர் தொட்டாற்சிணுங்கி வகைச் செடியை இருட்டுக்குள் வைத்துப் பார்த்தார். வெயிலே படாத இடத்திலும் பகல் நேரத்தில் இலை விரிந்தது, இரவில் கூம்பியது. மனிதர்களையும் நேரம் தெரியாத அறையில் வைத்துப் பார்த்தாகிவிட்டது. உடலின் சொந்தச் சுற்று சராசரியாக 24 மணி 11 நிமிடம் என்று 1999இல் ஹார்வர்டு குழு மிகக் கவனமாக அளந்தது. கடிகாரம் சொந்தமாக ஓடுகிறது, சூரியன் அதை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் திருத்துகிறது, அவ்வளவுதான்.

அந்தக் கடிகாரம் எதனால் ஆனது? 1971இல் கலிஃபோர்னியாவில் கொனோப்காவும் பென்சரும் பழ ஈக்களில் மூன்று விதமான மரபுக் கோளாறுகளைக் கண்டுபிடித்தார்கள். ஒரு வகை ஈக்கு நாள் என்பது 19 மணி நேரம், இன்னொன்றுக்கு 28 மணி நேரம், மூன்றாவதற்கு நாள் என்ற கணக்கே இல்லை. மூன்று கோளாறும் ஒரே மரபணுவில் இருந்தன. அதற்கு பீரியட் என்று பெயர் வைத்தார்கள். 1984இல் ஹால், ராஸ்பாஷ், யங் ஆகியோரின் குழுக்கள் அந்த மரபணுவைப் பிரித்தெடுத்தன, 2017இல் இந்த மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அது வேலை செய்யும் விதத்தை மாணவர்களுக்கு நான் நம் காட்டுக் கிணற்றை வைத்துத்தான் சொல்வேன். மோட்டார் போட்டால் தண்ணீர் இறங்கும், அடியில் போனதும் மோட்டார் நிற்கும். பிறகு கிணறு ஊற வேண்டும், ஊறினதும் மறுபடி மோட்டார் ஓடும். மோட்டாரை நிறுத்தும் காரணத்தை மோட்டாரே உண்டாக்குகிறது. செல்லுக்குள்ளும் அப்படித்தான். பீரியட் மரபணு ஒரு புரதத்தைச் செய்யச் சொல்கிறது. அந்தப் புரதம் சேர்ந்து சேர்ந்து செல்லின் உட்கருவுக்குள் போய், தன்னைச் செய்யச் சொன்ன மரபணுவையே அடக்கிவிடுகிறது. பிறகு புரதம் மெல்ல அழிகிறது, அழிந்ததும் மரபணு மறுபடி விழிக்கிறது. கிணறு எத்தனை நேரத்தில் ஊறும் என்பது ஊற்றைப் பொறுத்தது போல, இந்தச் சுற்று 24 மணி நேரம் ஆவது புரதம் சேர்ந்து அழியும் வேகத்தைப் பொறுத்தது. அந்த ஈக்களில் வேகம் மாறிவிட்டது, நாளும் மாறிவிட்டது. நம் உடலில் ஓடுவது இதே திட்டத்தின் இன்னும் சிக்கலான வடிவம்.

இதுதான் முழுக் கதையா என்றால், இல்லை. 2005இல் ஜப்பானில் நகோயாவில், நீலப்பச்சைப் பாசியின் மூன்று புரதங்களையும், செல்லுக்கு எரிபொருளான ஏடிபியையும் ஒரு சோதனைக் குழாயில் கலந்து வைத்தார்கள். மரபணுவே இல்லாமல் அந்தக் கலவை 24 மணி நேரச் சுற்றில் ஓடியது. 2011இல் மனித ரத்தச் சிவப்பணுவிலும் ஒரு நாள்சுற்று தெரிந்தது. சிவப்பணுவுக்கு உட்கருவே கிடையாது, அடக்குவதற்கு மரபணுவும் இல்லை. ஆகவே கிணறு ஒன்றுக்கு மேல் இருக்கிறது. ஒன்றோடு ஒன்று எப்படிப் பிணைந்திருக்கிறது என்பதில் இன்றும் ஆய்வாளர்களிடையே சண்டை நடக்கிறது. கடிகாரம் இருப்பது உறுதி, அதன் பற்சக்கரம் முழுக்கத் தெரிந்துவிட்டது என்பது உறுதியல்ல.

இனி நீங்கள் கேட்ட கண்ணாடித் தட்டுக்கு வருவோம். அந்தத் தட்டில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை யாரும் விளக்காமல் "ஆய்வில் கண்டறிந்தார்கள்" என்று தாண்டிப் போய்விடுவதால்தான் பாதிச் சந்தேகம் வருகிறது. மின்மினிப் பூச்சிக்கு ஒளி தரும் நொதிக்கு லூசிஃபெரேஸ் என்று பெயர். அதற்கான மரபணுவைக் கடிகார மரபணுவோடு கோத்து செல்லுக்குள் வைத்துவிடுவோம். கடிகார மரபணு விழிக்கும்போது செல் மினுங்கும், அடங்கும்போது மங்கும். தட்டில் ஊட்டக் கரைசலோடு மின்மினியின் எரிபொருளையும் சேர்த்து, மூடியைக் காற்றுப் புகாமல் ஒட்டி, 37 டிகிரியில் கும்மிருட்டுப் பெட்டிக்குள் வைப்போம். நம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் அது. ஒளித்துகளை ஒவ்வொன்றாக எண்ணும் கருவிதான் அதைப் பார்க்கும். ஐந்து நாள், ஆறு நாள் அப்படியே விட்டால் கணினித் திரையில் ஒரு அலை வரும். ஏறும், இறங்கும், ஏறும், இறங்கும். ஒவ்வொரு முகட்டுக்கும் இடையில் ஏறக்குறைய 24 மணி நேரம். தட்டில் மூளை இல்லை, கண் இல்லை, சூரியன் இல்லை. முதல் முறை நான் செய்த தட்டில் அந்த அலை வந்த அன்று, இரவு பதினொரு மணி, ஆய்வகத்தில் யாரும் இல்லை. திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு வழி திறந்தது ஜெனீவாவில் ஷிப்லர் குழு 1998இல் செய்த வேலை. பல ஆண்டுகளாக ஆய்வகங்களில் வளர்ந்துவந்த எலியின் இணைப்புத்திசு செல்களுக்கு ரத்த நீர்மத்தை ஒரே நேரத்தில் அதிகமாகக் கொடுத்தார்கள். எல்லாச் செல்களும் ஒன்றாக நேரம் வைத்து ஓட ஆரம்பித்தன. அதுவரை கடிகாரம் மூளையின் சொத்து என்றுதான் பெரும்பாலும் நினைத்திருந்தார்கள். ஆனால் இந்த அலை சில நாளில் தளர்ந்துவிடும். கடிகாரம் நின்றுவிட்டதா? 2004இல் செல்களை ஒவ்வொன்றாகப் படம் பிடித்துப் பார்த்தபோதுதான் பதில் கிடைத்தது. எதுவும் நிற்கவில்லை. ஒரு செல் 23 மணி நேரத்தில் சுற்றுகிறது, பக்கத்துச் செல் 25 மணி நேரத்தில். நாளாக ஆக ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்குகிறது, மொத்தமாகப் பார்த்தால் அலை மட்டமாகத் தெரிகிறது. கோவையில் பழைய ஆட்களுக்கு ஆலைச் சங்கு நினைவிருக்கும். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் சுவர்க் கடிகாரம் உண்டு, ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். சங்கு ஊதினால் எல்லோரும் முள்ளைத் திருத்திக்கொள்வார்கள். சங்கு நின்றால் கடிகாரங்கள் நிற்காது, ஆனால் தெருவுக்கு ஒரே நேரம் என்பது போய்விடும்.

உடலில் அந்தச் சங்கு மூளையின் அடியில், கண் நரம்புகள் குறுக்காகப் போகும் இடத்துக்கு மேலே இருக்கிறது. சுமார் 20,000 நரம்பு செல்கள், கண்ணில் படும் வெளிச்சத்தைக் கொண்டு நேரம் திருத்துபவை. 1990இல் ரால்ஃப், மெனக்கர் குழு வெள்ளெலிகளில் இந்த இடத்தை நீக்கிவிட்டு, 20 மணி நேர நாள் கொண்ட வேறொரு வெள்ளெலியின் திசுவை வைத்தது. வாங்கிய எலி அதன் பிறகு 20 மணி நேர நாளில் வாழ்ந்தது. சங்கு யாருடையதோ நேரமும் அவருடையது. வெளிச்சம் மட்டுமே திருத்தும் என்றும் இல்லை. நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் தொடங்கிவைத்த குழு, குகைக்குள் வெளிச்சமே படாமல் அடைத்துவைத்த வௌவால் ஒன்று, தினமும் வெளியே போய்வரும் மற்ற வௌவால்களின் நடமாட்டத்தைக் கொண்டே நேரம் வைத்துக்கொள்வதை 1981இல் காட்டியது. கூட்டம் இல்லாத இடத்தில் வைத்தால் அதே வௌவால் தன் சொந்தச் சுற்றில் நழுவிப் போனது. இந்த வேலை நம் பாடப் புத்தகங்களில் இன்னும் பெரிதாக வர வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை.

தட்டை நம்பலாமா என்பதற்கு என் சொந்த அனுபவம் ஒன்று. ஒரு மருந்து கல்லீரல் செல்களின் நேரத்தை ஒழுங்காக்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் அலை அபாரமாக வந்தது. மூன்று வாரம் அதன் மேலேயே கட்டடம் கட்டினேன். பிறகுதான் மருந்து போடாத தட்டுகளின் கணக்கை உட்கார்ந்து பார்த்தேன், அவற்றிலும் அதே அலை. பதிவேட்டைத் தேடினால், அந்த வாரம் ஒரு இரவில் மின்சாரம் போயிருக்கிறது, ஜெனரேட்டர் எடுக்கத் தாமதமாகி, பெட்டியின் சூடு சில டிகிரி இறங்கி ஏறியிருக்கிறது. செல்கள் கேட்டது என் மருந்தை அல்ல, அந்தச் சூட்டு மாற்றத்தை. ஊட்டக் கரைசலை மாற்றினாலும் இப்படித்தான், செல் அதையே சங்காக எடுத்துக்கொள்ளும். தட்டு பொய் சொல்வதில்லை. ஆனால் நாம் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது என்ற உத்தரவாதமும் இல்லை. கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதற்குத் தட்டைவிட நல்ல சாட்சி கிடையாது. ஒரு மனிதருக்கு எவ்வளவு சர்க்கரை ஏறும் என்பதற்குத் தட்டு சாட்சியே அல்ல. மனிதத் தோலிலிருந்து துளி எடுத்து வளர்த்த செல்களும் தட்டில் இதே போல ஓடுகின்றன என்பதால், கடிகாரம் உங்கள் செல்லிலும் இருக்கிறது என்பது வரைக்கும் உறுதியாகச் சொல்லிவிடலாம்.

அடுத்த படி சாப்பாடு. 2000ஆம் ஆண்டில் அதே ஜெனீவா குழு, பெரும்பாலும் இரவில் சாப்பிடும் சுண்டெலிகளுக்குப் பகலில் மட்டும் உணவு வைத்தது. ஒன்றிரண்டு வாரத்தில் கல்லீரலின் கடிகாரம் தலைகீழாகத் திரும்பியது, மூளையின் கடிகாரம் அசையவில்லை. இந்தத் துறையில் நான் மிகவும் நம்பும் சோதனைகளில் இது ஒன்று, பல ஆய்வகங்கள் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாகிவிட்டது. ஒரே உடம்புக்குள் மூளை இரவு என்கிறது, கல்லீரல் பகல் என்கிறது. சாப்பாட்டுச் செய்தியைச் செல்லுக்குக் கொண்டுபோவது எது என்பதற்கு 2019இல் கேம்பிரிட்ஜ் ஆய்வகம் ஒன்று முக்கியமான பதில் தந்தது: இன்சுலின். சாப்பிட்டதும் ஏறும் இன்சுலின், செல்லில் பீரியட் புரதத்தின் உற்பத்தியைத் தூண்டிவிடுகிறது. அதாவது உங்கள் சர்க்கரையைக் கவனிக்கிற அதே ஹார்மோன்தான் செல்லுக்குச் சங்கும் ஊதுகிறது.

கடிகாரம் கெட்டால் சர்க்கரை கெடுமா? எலியில் கெடுகிறது. க்ளாக் என்ற மரபணு பழுதான சுண்டெலிகள் நேரங்கெட்ட நேரத்தில் தின்று பருத்தன என்று 2005இல் காட்டினார்கள். 2010இல் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் திட்டுகளில் மட்டும் கடிகாரத்தை நிறுத்தினார்கள், எலிகளுக்கு நீரிழிவு வந்தது. கல்லீரலில் மட்டும் நிறுத்தினால் வேறு மாதிரி: பட்டினி நேரத்தில் ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கியது. சாப்பாடு வரும் முன்பே கணையம் தயாராகவும், தூங்கும் நேரத்தில் கல்லீரல் சர்க்கரையை அளந்து விடவும் இந்தக் கடிகாரங்கள் தேவை என்பது இதன் பொருள். 2012இல் சால்க் நிறுவனத்தில், ஒடிசாவில் பிறந்த சச்சிதானந்த பாண்டாவின் குழு, கொழுப்பு மிகுந்த தீனியை எலிகளுக்கு எட்டு மணி நேரத்துக்குள் மட்டும் கொடுத்தது. அதே அளவு கலோரியை நாள் முழுக்கக் கொறித்த எலிகள் பருத்து நோய்ப்பட்டன, எட்டு மணி நேர எலிகள் பெரும்பாலும் தப்பின. நீங்கள் பார்த்த வீடியோவின் வேர் அநேகமாக இந்தச் சோதனையாக இருக்கும்.

இங்கேதான் படி ஆட ஆரம்பிக்கிறது. சுண்டெலி இரவில் விழிக்கும் பிராணி, அதன் இரவுச் சாப்பாடு நம் பகல் சாப்பாடு. இதைக்கூடச் சொல்லாமல் விட்டுவிடும் காணொளிகள் உண்டு. ஆய்வகத்தில் மிகப் பரவலாகப் பயன்படும் சுண்டெலி வகைக்கு, உடலுக்கு இரவு வந்ததைச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோன் ஏறக்குறைய சுரப்பதே இல்லை. நமக்கோ இரவில் ஏறும் மெலடோனின், இன்சுலின் சுரப்பைச் சற்று அடக்குகிறது. எலிகள் பெரும்பாலும் 22 டிகிரி அறையில் வைக்கப்படுகின்றன. நமக்கு அது இதமான மார்கழி, எலிக்கு அது குளிர், உடலைச் சூடாக வைக்கவே ஓயாமல் எரித்துக்கொண்டிருக்க வேண்டும். அப்புறம் அதன் சின்ன உடம்புக்கு 16 மணி நேரப் பட்டினி என்பது நமக்கு ஒரு வேளை தள்ளிப்போவது போல அல்ல, மிகக் கடுமையானது. ஆகவே எலி சொல்வது திசையை மட்டும்தான். தூரத்தை அது சொல்லாது.

மனிதர்களில் என்ன பார்த்திருக்கிறார்கள்? 2009இல் பாஸ்டனில் ஃபிராங்க் ஷீர் குழு, பத்து பேரை 28 மணி நேர நாளில் வாழவைத்து அவர்களின் உறக்கத்தையும் உணவையும் உடல் கடிகாரத்திலிருந்து விலக்கிப் பார்த்தது. நேரம் தலைகீழான நாட்களில் இன்சுலின் 22 சதவீதம் கூடுதலாகச் சுரந்தும், சர்க்கரை 6 சதவீதம் ஏறியது. நல்ல ஆரோக்கியமாக இருந்தவர்களில் சிலருக்குச் சாப்பிட்ட பின் அளவு சர்க்கரை நோயின் வாசல் வரை போனது. 2017இல் இங்கிலாந்தில் சர்ரேயில் பத்து இளைஞர்களின் சாப்பாட்டை ஐந்து மணி நேரம் தள்ளிவைத்தார்கள். மெலடோனின் அசையவில்லை, ஆனால் ரத்தச் சர்க்கரையின் நாள்சுற்று ஐந்து மணி நேரத்துக்கும் மேல் தள்ளிப்போனது. எலியில் கண்ட அந்தப் பிளவு, சங்கு ஒரு பக்கமும் சாப்பாடு இன்னொரு பக்கமும் இழுப்பது, நம்மிடமும் இருப்பதற்கு இது நல்ல அடையாளம். உங்களுக்கு மிக நெருக்கமானது 2021இல் வந்த ஆய்வு. 19 பேரை ஆய்வகத்தில் இரண்டு வாரம் வைத்து இரவு வேலையை அவர்களுக்குப் பழக்கினார்கள். ஒரு பிரிவு இரவிலும் சாப்பிட்டது, இன்னொரு பிரிவு அதே இரவு விழிப்போடு பகலில் மட்டும் சாப்பிட்டது. இரவில் சாப்பிட்டவர்களுக்குச் சராசரிச் சர்க்கரை 6.4 சதவீதம் ஏறியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் குறிப்பிடும்படி ஏறவில்லை.

இதை நான் நம்புகிறேன், அதே நேரம் இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். 19 பேர், இரண்டு வாரம், ஆரோக்கியமான இளவயதினர், அளந்து வைத்த உணவு, சத்தமில்லாத அறை. எட்டு மணி நேரம் நடந்துகொண்டே இழை ஒட்டுகிற வேலை அங்கே கிடையாது, பஞ்சுத் தூசியும் கிடையாது, காலையில் குழந்தையைப் பள்ளிக்குக் கொண்டுவிடும் வேலையும் கிடையாது. ஏழு வருடத்தில் என்ன ஆகும் என்பதற்கு வேறு வகை ஆய்வுகளைத்தான் பார்க்க வேண்டும். அமெரிக்கச் செவிலியர் சுமார் 1,77,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்ததில், சுழற்சி முறையில் இரவு வேலை பார்த்த ஆண்டுகள் கூடக் கூட இரண்டாம் வகை நீரிழிவும் கூடியது. ஆனால் அதில் கணிசமான பங்கு உடல் எடை வழியாக வந்தது. பல ஆய்வுகளைச் சேர்த்து 2015இல் போட்ட கணக்கில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு நீரிழிவு வாய்ப்பு சுமார் 9 சதவீதம்தான் அதிகம். இருக்கிறது, ஆனால் விதி அல்ல. குடும்ப வழியும் இடுப்புச் சுற்றளவும் இதைவிடப் பெரிய காரணங்கள். "எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டால் போதும், எது வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்ற பேச்சுக்கு எலியில் இருக்கும் ஆதரவு மனிதரில் இல்லை. 2022இல் சீனாவில் குவாங்சோவில் 139 பேரை ஒரு வருடம் தொடர்ந்தார்கள். கலோரியைக் குறைத்ததோடு நேரத்தையும் கட்டுப்படுத்தியவர்களுக்கும், கலோரியை மட்டும் குறைத்தவர்களுக்கும் எடை இறங்கியதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. மறுபக்கம், அதே ஆண்டில் சான் டியாகோ தீயணைப்பு வீரர்கள் 137 பேரிடம் செய்ததில், 24 மணி நேர ஷிப்டில் இருப்பவர்களாலும் பத்து மணி நேரத்துக்குள் சாப்பாட்டை வைத்துக்கொள்ள முடிகிறது, கெட்ட கொழுப்பு வகைகளில் ஒன்றின் துகள் அளவில் சிறுக்கிறது என்று தெரிந்தது. ஷிப்ட் ஆட்களால் முடியும் என்று காட்டியதே அதில் எனக்குப் பெரிய விஷயம்.

சரி, உங்கள் கேன்டீனுக்கு வருகிறேன். இரண்டு மணிக்கு நீங்கள் சாப்பிடும் பரோட்டா உங்கள் கல்லீரலின் கடிகாரத்தை உடைத்துவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கடிகாரம் உடைவதில்லை, நேரம் மாற்றி வைக்கப்படுகிறது. அதே பரோட்டாவை மதியம் ஒரு மணிக்குச் சாப்பிடுவதைவிட இரவு இரண்டு மணிக்குச் சாப்பிட்டால் உங்கள் சர்க்கரை கூடுதலாக ஏறும், கூடுதல் நேரம் நிற்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 6.1 என்பது நோய் அல்ல, நோயின் வாசல். இந்த நிலையில் நான் உங்கள் இடத்தில் இருந்தால் கனமான சாப்பாட்டை ஷிப்டுக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே முடிப்பேன். அரிசியும் பருப்பும் சாதமோ களியோ, கூடவே காயும் கீரையும். நடு இரவில் பசித்தால் ஒரு கை வேகவைத்த கடலையோ சுண்டலோ, ஒரு முட்டை, மோர். சர்க்கரை போட்ட டீயை ஒரு ஷிப்டில் நான்கு முறை குடிக்கிறீர்கள் என்றால், சாப்பாட்டு நேரத்தைப் பற்றிக் கவலைப்படும் முன் முதலில் அதைத்தான் மாற்றுவேன். காலையில் வந்ததும் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு, முடிந்தவரை இருட்டாக்கித் தூங்குவேன். அப்பா கட்டிய அந்தப் போர்வைக்குப் பின்னால் எவ்வளவு அறிவியல் இருந்தது என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. இந்தப் பத்தியில் இருப்பதை மேலே சொன்ன சோதனைகளிலிருந்து நானாக எடுத்த முடிவாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறுவதுதான் உண்மையான கஷ்டம். மூளையின் கடிகாரம் ஒரு நாளைக்குச் சுமாராக ஒரு மணி நேரம்தான் நகரும். எட்டு மணி நேரம் தள்ளிய ஷிப்டுக்கு அது வந்து சேரும்போது வாரம் முடிந்துவிடும், அடுத்த ஷிப்ட் வந்துவிடும். இதில் உங்கள் ஒழுக்கக் குறைவு எதுவும் இல்லை. மூளையின் கடிகாரத்தை உங்களால் அவ்வளவு விரைவாகத் திருப்ப முடியாது, சாப்பாட்டு நேரத்தை மட்டும் கொஞ்சம் கையில் வைத்திருக்க முடியும். எந்த ஷிப்டாக இருந்தாலும் இரவு பன்னிரண்டுக்கும் காலை ஐந்துக்கும் இடையில் பெரிய சாப்பாடு வேண்டாம் என்று ஒரே விதியாக வைத்துக்கொண்டால், வாரா வாரம் கணக்குப் போட வேண்டியிருக்காது. மேலதிகாரியிடம் கேட்க முடியுமானால், ஷிப்ட் மாறும் திசையைக் கேளுங்கள். முதல் ஷிப்டிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று என்று முன்னோக்கிப் போவது பலருக்கும் எளிது, ஏனென்றால் நம் சொந்தச் சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம், தாமதமாகிக்கொண்டே போவதுதான் அதற்கு இயல்பு.

ஒரு எச்சரிக்கை மட்டும் பாக்கி. நாளைக்கு மருத்துவர் மாத்திரை எழுதினால், நீங்கள் எந்த வாரம் எந்த ஷிப்ட், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள், எப்போது தூங்குகிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள். சர்க்கரை மாத்திரைகளில் சில வகை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கவைக்கும். அதைப் போட்டுக்கொண்டு இரவுச் சாப்பாட்டை நீங்களாக நிறுத்தினால், மெஷின் பக்கத்தில் நிற்கும்போது சர்க்கரை இறங்கிக் கண் இருட்டிக்கொண்டு வரலாம். அந்த மாத்திரையா இல்லையா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு சாப்பாட்டு நேரத்தை மாற்றுங்கள்.